குப்பைக் கட்டணமும் ஆரஞ்சுப் பையும்: வாசகர் கேள்வி பதில்

ஜூலை முதல் தேதி தென்னாப்பிரிக்க மாநகராட்சிகளின் புதிய நிதியாண்டு பிறந்தவுடன், குப்பைக் கட்டணம் பற்றிய கடிதங்களும் இப்பகுதிக்கு வரத் தொடங்கிவிடுவது வழக்கம். வந்தவற்றுள் டர்பன் வட்டாரத்துக் கடிதங்களே அதிகம் என்றாலும், பிரிட்டோரியா, ஜொகனஸ்பர்க் பக்கத்திலிருந்தும் சில இருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் சுருக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (வெருலம் வாசகர்): ஐயா, வீட்டில் நானும் என் மனைவியும் மட்டுமே இருக்கிறோம். வாரத்துக்கு ஒரு கருப்புப் பை நிறைவதே அரிது. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் ஜூலையில் குப்பைக் கட்டணம் ஏறுகிறதே, இது எந்தக் கணக்கு?

பதில்: உங்கள் பையின் எடைக்கும் உங்கள் கட்டணத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதுதான் முதல் விடை. வாசலில் பையைத் தூக்கி வண்டியில் போடுவது, அந்த வண்டி குப்பைக் கிடங்கு வரை ஓடுவது, கிடங்கில் குப்பையைப் பரப்பி அழுத்தி மண்ணால் மூடுவது, அடியில் கசியும் நச்சு நீரை வடித்துச் சுத்திகரிப்பது, கிடங்கு நிரம்பிய பிறகும் பல ஆண்டுகள் அதைக் கண்காணிப்பது ஆகிய அனைத்தையும் பில்லில் குப்பைக்கென்று உள்ள அந்த ஒரே தொகை தாங்க வேண்டியிருக்கிறது. நமக்குக் கண்ணில் படுவது முதல் வேலை மட்டும். செலவு பெருகுவது மற்றவற்றில்.

டர்பனைப் பொறுத்தவரை இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1980-இல் கிளேர் எஸ்டேட் பகுதியில் பிசாசர் சாலைக் குப்பைக் கிடங்கு திறக்கப்பட்டபோது, அது நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த இடத்தின் நடுவில் இருந்தது. நகரத்துக்கு அது அருகில் இருந்ததால் வண்டிகளுக்குத் தூரம் குறைவு. அந்தக் குறைந்த செலவின் மறுபாதியை, நாற்றமாகவும் தூசியாகவும் நோய் அச்சமாகவும், அங்கே குடியிருந்தவர்கள் சுமந்தார்கள். அதை மூடக் கோரிப் பல ஆண்டுகள் போராடிய சஜிதா கான், கிடங்குக்கு எதிரிலேயே வாழ்ந்து, 2007-இல் புற்றுநோயால் இறந்தார். கிடங்கு வழக்கமான குப்பையை ஏற்பதை நிறுத்தியது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான். இன்று நகரத்தின் குப்பை வடக்கே உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பஃபல்ஸ்டிராய்க்கும், தெற்கே லோவுவுக்கும் போகிறது. தூரம் கூடினால் எரிபொருளும், ஓட்டுநரின் வேலை நேரமும், வண்டியின் தேய்மானமும் கூடும். கட்டணம் ஏறுவதை நான் விரும்பவில்லை. ஆனால் முன்பு அது மலிவாக இருந்ததற்கு வேறு யாரோ விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

இனி உங்கள் கேள்வியின் நியாயமான பகுதிக்கு வருகிறேன். 2000-ஆம் ஆண்டின் 32-ஆம் எண் மாநகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒருவர் செலுத்தும் தொகை பொதுவாக அவர் சேவையைப் பயன்படுத்தும் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்றும், கட்டணக் கொள்கை மறுசுழற்சியை ஊக்குவிக்க வேண்டும் என்றும், ஏழைக் குடும்பங்களுக்கு அடிப்படைச் சேவை கிடைக்கும்படி அமைய வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு பை வைப்பவரும் ஐந்து பை வைப்பவரும் ஒரே தொகை கட்டும் ஏற்பாடு இந்த வாசகங்களோடு எப்படிப் பொருந்துகிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதை ஜூலையில் கேட்டால் காலம் கடந்துவிடும். மாநகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, வரவுசெலவுத் திட்ட வரைவு நிதியாண்டு தொடங்குவதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன்பு, அதாவது மார்ச் மாத இறுதியில், மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதன் பிறகுதான் பொதுமக்களின் கருத்துகளைப் பெறுகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் எழுதப்படும் ஒரு பக்கக் கடிதம், ஜூலையில் எழுதப்படும் பத்துப் பக்கக் கோபத்தைவிடப் பயனுள்ளது.

இன்னொன்றையும் பில்லில் கவனியுங்கள். வீட்டு வரிக்கு மதிப்புக் கூட்டு வரி விகிதம் பூஜ்யம். குப்பைக் கட்டணத்துக்கோ 15 விழுக்காடு. அறிவிப்பில் காணும் தொகைக்கும் பில்லில் காணும் தொகைக்கும் வேறுபாடு இருப்பதாகப் புகார் செய்த மூவரின் கணக்கைப் பார்த்தேன். மூன்றிலும் வேறுபாடு இந்த வரிதான்.

கேள்வி (லாடியம் வாசகி): எங்கள் மகள் பிரிட்டோரியாவில் மதில் சூழ்ந்த குடியிருப்பொன்றில் இருக்கிறாள். அங்கே தனியார் வண்டிதான் குப்பை எடுக்கிறது. அதற்கு மேலும் மாநகராட்சி ஒரு கட்டணம் போட்டது என்றும், நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது என்றும் சொல்கிறாள். அப்படியென்றால் நாங்களும் எங்கள் குப்பைக் கட்டணத்தைக் கட்டாமல் நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது, ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தீர்ப்பைப் பலர் தங்களுக்கு வசதியான பொருளில் படிக்கிறார்கள்.

பிரிட்டோரியாவை உள்ளடக்கிய ட்ஷ்வானே மாநகராட்சி 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து, தன்னுடைய குப்பை வண்டிகளைப் பயன்படுத்தாமல் தனியாரிடம் கொடுக்கும் வீடுகளுக்கும் வணிக இடங்களுக்கும் மாதம் 194.37 ராண்ட் நகரத் தூய்மைக் கட்டணம் விதித்தது. மதிப்புக் கூட்டு வரியோடு சேர்த்தால் அது ஏறத்தாழ 223.50 ராண்ட், ஆண்டுக்கு 2,680 ராண்டுக்கு மேல். தெருக்களைக் கூட்டுவதும், திருட்டுத்தனமாகக் கொட்டப்படும் குப்பையை அள்ளுவதும் எல்லோருக்கும் பொதுவான நன்மை, ஆகவே தனியாரிடம் கொடுப்பவர்களும் அதில் பங்கேற்க வேண்டும் என்பது மாநகராட்சியின் வாதம். ஆஃப்ரிஃபோரம் என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2025 ஜூலை 31 அன்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அக்கட்டணம் சட்டத்துக்குப் புறம்பானது என்று கூறி அதை ரத்து செய்தது.

இதன் அடிப்படை எளிதானது. குப்பை அகற்றுவது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி மாநகராட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தான் தரும் சேவைக்குக் கட்டணம் வாங்கவும், அந்தக் கட்டணத்தின் மேல் கூடுதல் தொகை விதிக்கவும் அதற்கு உரிமை உண்டு. ஆனால் தராத சேவைக்கு, அதை வாங்காதவர்களிடமிருந்தே ஒரு தொகையை வசூலிக்க அந்த உரிமை நீள்வதில்லை. உங்கள் லாடியம் வீட்டு வாசலில் மாநகராட்சி வண்டி வந்து தொட்டியைக் காலி செய்கிறது என்றால், நீங்கள் கட்டுவது வாங்கிய சேவைக்கான கட்டணம். தீர்ப்பு அதைத் தொடவில்லை.

மாநகராட்சியின் வாதத்தில் ஒரு துளி உண்மை இருந்தது என்று நான் நினைக்கிறேன். பொது இடத்தைத் தூய்மைப்படுத்தும் செலவை யாராவது ஏற்றே ஆக வேண்டும். ஆனால் அதற்கு வீட்டு வரி என்ற வழி ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழியில் போகாமல் குறுக்குச் சந்தில் நுழைந்ததுதான் தவறு.

பில்லில் ஒரு தொகை தவறு என்று உங்களுக்குத் தோன்றினால், முழு பில்லையும் கட்டாமல் விடுவது ஆபத்து. எந்தத் தொகை, எந்த மாதம், ஏன் தவறு என்று குறிப்பிட்டு எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்து, அதற்கான பதிவு எண்ணைப் பெற்றுக்கொண்டு, மறுப்பில்லாத மீதித் தொகையைத் தவறாமல் கட்டிவிடுங்கள். வெருலம் வாசகருக்குச் சொன்ன அதே மாநகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 102-ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு தொகை பற்றி இப்படி மறுப்பு இருக்கும்போது அந்தத் தொகையைப் பொதுவான வசூலோடு கலந்துவிடாமல் பாதுகாக்கிறது. ‘பில் அதிகமாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொல்வது அந்தப் பாதுகாப்பைத் தராது.

கேள்வி (பீனிக்ஸ் வாசகி): ஆரஞ்சுப் பையில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது? நான் பிரித்து வைக்கும் பையை வண்டி வருவதற்கு முன்பே யாராவது கிழித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிரித்து வைப்பதால் எனக்குக் கட்டணம் குறைகிறதா என்றால், அதுவும் இல்லை. பிறகு எதற்கு இந்த வேலை?

பதில்: முதலில் நிறங்களைச் சொல்லிவிடுகிறேன். டர்பனில் கருப்புப் பை வீட்டுக் குப்பைக்கு. ஆரஞ்சுப் பை காகிதம், அட்டை, பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு. நிறமற்ற ஒளி ஊடுருவும் பை கண்ணாடிக்கும் டின்களுக்கும். நீலப் பை தோட்டக் குப்பைக்கு. ஆரஞ்சுப் பையின் பெரிய எதிரி ஈரமும் எண்ணெயும். பிரியாணி ஒட்டிய தட்டு ஒன்றை அதில் போட்டால் அந்தத் தட்டு மட்டும் வீணாவதில்லை. அதன் எண்ணெய் ஊறிய அட்டையும் காகிதமும் சேர்ந்தே வீணாகின்றன. தயிர் டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவி முடித்த தண்ணீரில் ஒரு முறை அலசிக் கவிழ்த்தால் போதும்.

பையைக் கிழிப்பவர்களைப் பற்றிய உங்கள் வருத்தம் புரிகிறது. காலையில் வாசல் முழுக்கத் தாள்கள் சிதறிக் கிடப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். இருந்தாலும் அவர்கள் எடுத்துப்போகும் அட்டையும் பாட்டிலும் பெரும்பாலும் மறுசுழற்சிக்கே போய்ச் சேருகின்றன என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். சட்டமும் இப்போது அவர்களை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது. 2020 நவம்பரில் அரசிதழில் வெளியாகி, 2021 மே 5 முதல் நடைமுறைக்கு வந்த உற்பத்தியாளர் விரிவாக்கப் பொறுப்பு விதிகளின்படி, காகிதம், பொதிப்பொருட்கள், மின் மற்றும் மின்னணுச் சாதனங்கள், விளக்குகள் ஆகியவற்றைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள், அவை பயன்பட்டு முடிந்த பிறகு திரட்டப்படுவதற்கும் மறுசுழற்சி செய்யப்படுவதற்கும் பணம் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில்களுக்குப் பெட்கோ, காகிதத்துக்கு ஃபைபர் சர்க்கிள் என்று பொருள்வாரியாகப் பொறுப்பு அமைப்புகள் இயங்குகின்றன. தேசியப் பதிவேட்டில் பெயர் பதிந்துகொண்ட குப்பை பொறுக்குவோருக்கு அவர்களின் சேவைக்காகத் தொகை வழங்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது. நீங்கள் கடையில் வாங்கிய பழச்சாற்றின் விலையில் அந்தச் செலவு ஏற்கெனவே சேர்ந்திருக்கும் என்று தயங்காமல் எண்ணிக்கொள்ளலாம். எந்த வணிகரும் அதைத் தன் கையிலிருந்து கொடுக்கமாட்டார்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டார் எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பாட்டில்களையும் அட்டையையும் முடிச்சுப் போடாத தனிப் பையில், மற்றப் பைகளிலிருந்து இரண்டடி தள்ளி வைக்கிறார்கள். விடியற்காலையில் வரும் பெண்மணி அதை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறார். மற்றப் பைகள் கிழிபடுவதில்லை.

கட்டணம் குறையவில்லையே என்ற கேள்விக்குத்தான் என்னிடம் இனிப்பான பதில் இல்லை. இன்றைய அமைப்பில் உங்கள் உழைப்புக்கான பலன் உங்கள் பில்லில் தெரிவதில்லை. கிடங்கு நிரம்பும் வேகம் குறைவதில்தான் அது இருக்கிறது. வெருலம் வாசகருக்குச் சொன்ன 74-ஆம் பிரிவை நீங்களும் உங்கள் வட்டார உறுப்பினரிடம் எடுத்துக்காட்டலாம்.

கேள்வி (லெனேசியா வாசகர்): எங்கள் குப்பைக் கட்டணம் வீட்டின் மதிப்பைப் பொறுத்து மாறுகிறதாமே, உண்மையா?

பதில்: உண்மை. ஜொகனஸ்பர்க்கில் மாநகராட்சிக்காகக் குப்பை அகற்றும் பிக்கிட்டப் நிறுவனத்தின் வீட்டுக் குப்பைக் கட்டணம் சொத்து மதிப்பின் படிநிலைகளை ஒட்டியது. ஆகவே கட்டணம் திடீரென்று ஏறியிருந்தால், குப்பை அலுவலகத்தில் போய் வாதாடுவதற்கு முன்பு மதிப்பீட்டுப் பட்டியலில் உங்கள் வீட்டுக்கு என்ன தொகை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். புதிய பட்டியல் வெளியாகும்போது ஆட்சேபணை தெரிவிக்கக் குறைந்தது 30 நாட்கள் தரப்பட வேண்டும். தவறு அங்கே இருந்தால், அதைத் திருத்தினால் வீட்டு வரியும் குப்பைக் கட்டணமும் ஒன்றாகவே சரியாகும்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், கோயில் குழு ஒன்றின் உறுப்பினர்): ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம், தைப்பூசத்தில் காவடி. விழா முடிந்ததும் வாழை இலை, தேங்காய் மட்டை, மாலைகள், தெர்மாகோல் தட்டுகள் எல்லாம் மலைபோல் குவிகின்றன. எல்லாவற்றையும் கருப்புப் பையில் கட்டினால் பைகளின் எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை. என்ன செய்வது?

பதில்: குவியலை ஒன்றாகச் சேர விடாமல் தடுப்பதே பாதி வேலை. சாப்பிட்டு எழுந்தவுடன் இலைக்கு ஒரு தொட்டி, தட்டுக்கும் கோப்பைக்கும் ஒரு தொட்டி என்று இரண்டு இடங்களில் இரண்டு இளைஞர்களை நிறுத்துங்கள். விழா முடிந்த பிறகு பிரிப்பது எவராலும் ஆகாத காரியம். நானே ஒரு முறை முயன்று முதுகைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறேன்.

இலையும் பூவும் மக்கிப்போகும் பொருட்கள். மாலைகளில் நூலும் ஜிகினாவும் இருந்தால் அவற்றை அறுத்துப் பிரித்த பிறகே மக்கும் குழியில் போட வேண்டும். தேங்காய் மட்டையும் ஓடும் மக்குவதற்கு நீண்ட காலம் பிடிக்கும். துண்டாக்கிச் செடிகளைச் சுற்றி மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரத்தைக் காக்கும். கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளில் வாழ்ந்த நம் பாட்டிமார்களுக்குக் குப்பை வண்டியும் இல்லை, கட்டணமும் இல்லை; எல்லாம் வாழை மரத்தின் அடிக்குத்தான் போயிற்று. கோயில் நிலத்தில் ஒரு குழிக்கு இடம் இருந்தால் அதே வழி இன்றைக்கும் செல்லும்.

சட்டத்தின் போக்கும் இதே திசையில்தான். 2013 ஆகஸ்டில் வெளியான, கிடங்குகளில் குப்பை கொட்டுவதற்கான தேசிய விதிமுறைகள், தோட்டக் குப்பையில் 25 விழுக்காட்டை ஐந்து ஆண்டுகளுக்குள்ளும், 50 விழுக்காட்டைப் பத்து ஆண்டுகளுக்குள்ளும் கிடங்குக்குப் போகாமல் திருப்பிவிட வேண்டும் என்று கெடு வைத்தன. அந்தப் பத்தாண்டுக் கெடு 2023 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. எனவே இலை தழைகளை மற்றக் குப்பையோடு கலந்து அனுப்புவது இனிமேல் மலிவாக இருக்கப்போவதில்லை.

தெர்மாகோல் தட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே வாழை இலையை விரித்து வைத்துக்கொண்டு, அதற்குப் போட்டியாகத் தட்டும் வாங்குவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கேள்வி (டோங்காட் வாசகர்): பழைய கைப்பேசி, எரிந்துபோன விளக்கு, கார் பேட்டரி ஆகியவற்றைக் கருப்புப் பையில் போடலாமா?

பதில்: மூன்றையும் போடக்கூடாது. மேலே சொன்ன அதே 2013 விதிமுறைகள், விளக்குகளைக் கிடங்கில் கொட்டுவதை 2016 ஆகஸ்ட் முதலும், மற்ற மின்னணுக் கழிவுகளை 2021 ஆகஸ்ட் முதலும் தடை செய்துவிட்டன. கார் பேட்டரிக்குத் தடை அதற்கும் முன்பே வந்தது. அதில் உள்ள ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் புதிய பேட்டரி விற்கும் கடைக்காரரே பழையதை வாங்கிக்கொள்வார். விளக்குகளையும் சிறு பேட்டரிகளையும் சேகரிக்கும் பெட்டிகள் பல பேரங்காடிகளின் வாசலிலேயே இருக்கின்றன.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி): கடையில் பைக்கு வாங்கும் காசு எங்கே போகிறது?

பதில்: அதில் ஒரு பகுதி கடைக்காரருக்கு, ஒரு பகுதி அரசுக்கு. வேலிகளிலும் முட்செடிகளிலும் சிக்கிப் பறந்த மெல்லிய பைகளைத் ‘தேசிய மலர்’ என்று நாடே கிண்டல் செய்துகொண்டிருந்த காலத்தில், வல்லி மூசா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது, 2003-இல் பைகளின் தடிமனுக்கு விதி வந்தது. அடுத்த ஆண்டு பைக்கு 3 சென்ட் தீர்வை தொடங்கியது. அது படிப்படியாக ஏறி, 2024 ஏப்ரல் முதல் 32 சென்ட் ஆயிற்று. அந்தப் பணம் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. அது முழுவதும் மறுசுழற்சிக்கே செலவாகிறது என்று யாரும் உறுதி தருவதில்லை, இது எனக்கு இருக்கும் நெடுநாள் மனக்குறை. மற்றொரு மாற்றம் பையின் உள்ளேயே நிகழ்கிறது. 2023 தொடக்கம் முதல் பையில் பாதியும், 2025 முதல் முக்கால் பங்கும், 2027 முதல் முழுவதும் மறுசுழற்சி செய்த பொருளாக இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டிலிருந்து துணிப்பை கொண்டுபோகிறவருக்கு இந்தக் கணக்குகள் எவையும் தேவையில்லை.

கேள்வி (மெர்பேங்க் வாசகர்): வீட்டைச் சீரமைத்தபோது இடிந்த செங்கல், சிமெண்டுக் கட்டிகளை அகற்ற ஒருவரிடம் பணம் கொடுத்தேன். அவர் அதைப் பக்கத்துக் காலி மனையில் கொட்டிவிட்டுப் போய்விட்டார் என்று இப்போது அயலார் என்னைக் குற்றம் சொல்கிறார்கள். பணம் கொடுத்த பிறகும் நான் எப்படிப் பொறுப்பாவேன்?

பதில்: வருத்தமான செய்திதான், ஆனால் அயலார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் 59-ஆம் எண் கழிவுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கழிவைத் தன்னிடம் வைத்திருந்தவர் அது முறையாகக் கையாளப்படுவதற்கு நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்க வேண்டும் என்கிறது. நாம் ‘பக்கி’ என்று சொல்லும் சிறு சரக்கு வண்டிக்காரரிடம் நூறோ இருநூறோ குறைத்துப் பேசி, எங்கே கொட்டுவாய் என்று கேட்காமல் அனுப்பிவிட்டால் அந்தக் கடமை தீர்ந்ததாகாது. அனுமதியற்ற இடத்தில் கழிவைக் கொட்டுவதை 26-ஆம் பிரிவு தடை செய்கிறது. அதற்கு அதிகபட்சமாக ஒரு கோடி ராண்ட் அபராதமோ பத்தாண்டுச் சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு வண்டி செங்கல்லுக்கு எந்த நீதிபதியும் அந்த எல்லை வரை போகமாட்டார் என்றாலும், மாநகராட்சி தானே அள்ளிவிட்டு அதற்கான செலவை உங்களிடம் கேட்கும் நிலை வரலாம்.

இப்போது செய்ய வேண்டியது, அந்த வண்டிக்காரரைத் தேடிப் பிடித்து அள்ளச் சொல்வது. கிடைக்காவிட்டால் வேறொருவரை வைத்து நீங்களே அள்ளிவிடுவது. இந்த முறை வண்டி முறையான கிடங்கின் எடைமேடையில் ஏறி இறங்கும். அங்கே எடைக்கு ஏற்பப் பணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுப்பார்கள். கூலியில் பாதியை முதலிலும், மறுபாதியை அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகும் கொடுங்கள். சீட்டின் நகல் ஒன்றை, குற்றம் சொன்ன அயலாரிடமும் காட்டிவிடலாம்.